இடது லோயர் ஆர்மும் ஒரு பஸ் கையெழுத்தும்

பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். அன்று எனக்கு விடுப்பு. முந்தைய ஞாயிறு ஓவர்டைம் பார்த்ததற்கு ஈடாகக் கொடுத்தார்கள். இருந்தாலும் 4.50. முதல் ஷிப்டுக்குப் பழகிய உடம்பு விடுப்பு நாள் பார்த்தா விழிக்கும்?

இரண்டு பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டேன். கார் டயர்களில் காற்று பார்த்தேன் – நான்கிலும் சரி. மூன்றையும் டைரியில் குறித்தேன்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் டைரியைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதில் நான் அனுபவங்களை எழுதுவதில்லை, நேரங்களைத்தான் எழுதுகிறேன். அனுபவம் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

7.40-க்கு நானும் என் மனைவி ரீத்தாவும் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினோம். அவளுடைய அக்காவுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்புவதாகத் திட்டம்.

போகும்போதே அந்தச் சத்தம் கேட்டது. 'டொக்.'

எனக்கு அது பழகிய சத்தம். பத்து நாட்களில் டைரியில் ஒன்பது பதிவுகள். தேதி, நேரம், இடம், வேகம்... எல்லாம் இருக்கிறது. ஒன்பதில் ஏழு, எங்கள் தெருமுனையில் புதிதாகப் போட்ட வேகத்தடையில். ஆகவே குற்றவாளி வேகத்தடைதான் என்று முடிவு கட்டியிருந்தேன். ஆதாரம் இருக்கும்போது வேறென்ன யோசிக்க?

"சத்தம் ரோட்டுலருந்து வருதுன்னா, நாம வீட்டுல இருக்கறப்பவும் ரோடு சத்தம் போடணுமில்ல?" என்றாள் ரீத்தா.



அக்கா நன்றாக இருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து காட்டினார். காபி குடித்துவிட்டு 10.35-க்குக் கிளம்பினோம்.

குருபரப்பள்ளியில் டீ குடிக்கலாம் என்று சர்வீஸ் ரோட்டில் வண்டியை இறக்கினேன். ஒரு குழி. பெரிய குழிகூட இல்லை. இந்த முறை 'டொக்' இல்லை – 'டங்.' ஸ்டீயரிங் என் கையை மீறி இடது பக்கம் ஒரு சாண் இழுத்தது. வேகம் இருபதைத் தாண்டவில்லை. நின்றுவிட்டோம்.

டீக்கடையை ஒட்டியே தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். நடத்துகிறவர் ரஷீத் பாய். என் வயதுதான் இருக்கும், ஐம்பத்திரண்டு ஐம்பத்து மூன்று. வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்.

"சத்தம் எத்தினி நாளா வருது சார்?"

"பத்து நாளா. ஒன்பது தடவை."

"எண்ணிக்கினே ஓட்டிக்கினு இருந்தீங்களா?"

சாவியை நீட்டினேன்.

ஜாக்கியை வண்டியின் பாடிக்குக் கீழே கொடுத்து, இடது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. அதை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்பதிலும் மூன்றிலும் கைவைத்து ஆட்டினார். அசையவில்லை. "டை ராட் எண்டு நல்லாக் கீது" என்றார். பிறகு பன்னிரண்டிலும் ஆறிலும் கைவைத்து ஆட்டினார்.

சக்கரம், விழப்போகும் பல்லைப் போல ஆடியது.

"உள்ள உக்காந்து பிரேக்க அமுக்கிப் புடிங்க சார்."

அமுக்கிப் பிடித்தேன். மறுபடியும் ஆட்டினார். மறுபடியும் ஆடியது.

"வீல் பேரிங்கா இருந்தா, பிரேக் புடிச்சா ஆட்டம் நின்னுரும். இது நிக்கல. லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டுதான். எறங்குங்க, காட்டறேன்."

இறங்கிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. காரணம் இருக்கிறது. நான் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பது லோயர் ஆர்ம் செய்யும் தொழிற்சாலையில். அதுவும் கடைசிச் சோதனைப் பிரிவில். வெளியே போகும் ஆர்ம்களைச் சோதித்துத் தாளில் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஆனால் எல்லாமே மேஜைமேல்! வண்டிக்கு அடியில், சேறும் தூசியுமாக அது என்ன பாடுபடுகிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அது கெட்டுப்போனால் எப்படிச் சத்தம் போடும் என்பதும் தெரியாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கை. கையின் தோள் பக்கம், இரண்டு ரப்பர் புஷ்கள் வழியாக வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கும். அதனால் கை மேலும் கீழும் அசையும். மணிக்கட்டுப் பக்கம் பால் ஜாயிண்ட் – கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. சக்கரம் குழியில் இறங்கி ஏறவும் வேண்டும். அதே நேரத்தில் ஸ்டீயரிங் சொல்கிறபடி திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுப்பது அந்தக் குண்டுதான். திருப்பிவிடுவது டை ராட் என்ற கம்பி. ஸ்டீயரிங்கின் பேச்சைக் கேட்டு அது சக்கரத்தைத் தள்ளும், இழுக்கும். ஆர்ம் எங்கும் திருப்பாது. விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்... அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

"அக்காவுக்கு மாத்துனதும் இதேதானே?" என்றாள் ரீத்தா.

இதேதான். இடுப்பிலும் கிண்ணம், குண்டு.

"இந்தக் குண்டு வெளிய வந்திருந்தா என்னாங்க பாய் ஆயிருக்கும்?" என்று அவளே கேட்டாள்.

"சக்கரத்தோட அடிப்பக்கம் வெளியால சாஞ்சுரும்மா. வண்டி அந்தப் பக்கம் படுத்துக்கும். அப்பறம் ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒண்ணுதான்." மேலே நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். "இங்க தெரிஞ்சுச்சு. அல்லா காப்பாத்துனான்."

புது ஆர்ம் கிருஷ்ணகிரி ஸ்பேர்ஸ் கடையிலிருந்து பஸ்ஸில் வந்தது. ஆள் வரவில்லை, பொருள் மட்டும். பஸ் முழுதாக நிற்கவும் இல்லை. கண்டக்டர் படியில் நின்றபடி நீட்டினார், ரஷீத் பாய் கூடவே நான்கடி ஓடி வாங்கிக்கொண்டார். இந்த ரோட்டில் பழுதாகி நிற்கும் பாதி வண்டிகள் இப்படித்தான் பிழைக்கின்றன.

ஆர்மை மாட்டி, பால் ஜாயிண்ட் நட்டை இறுக்கினார். புஷ் போல்ட்டுகளை மட்டும் கையால் திருகிவிட்டு ஜாக்கியை இறக்கப் போனார்.

"பாய், அது ரெண்டையும் மறந்துட்டீங்க" என்றேன். சோதனைக்காரன் வாய் சும்மா இருக்குமா?

"மறக்கல சார். சக்கரம் தொங்கறப்ப முறுக்குனா ரப்பரு அந்த நெலையிலயே புடிச்சுக்கும். வண்டிய எறக்குனா முறுக்கிக்கினே கெடக்கும். ஆறு மாசத்துல கிழிஞ்சுரும். வண்டி தரையில நின்னப்பறம்தான் இறுக்கணும்."

கழற்றிய பழைய ஆர்மைப் பழந்துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். பால் ஜாயிண்டை மூடியிருக்க வேண்டிய ரப்பர் கவர் ஓரம் விட்டுப்போய்த் தொங்கியது. கிரீஸ் துளிகூட இல்லை. திருப்பினேன். மறுபக்கத்தில் அச்சடித்த அடையாளம் இருந்தது.

எங்கள் தொழிற்சாலையின் அடையாளம். வருடம், நாள், ஷிப்ட் மூன்றும் அதில் உண்டு. அந்த வருடம் அந்த ஷிப்டில் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர்தான். இந்தப் பத்தியை எழுதுகிறவர்.

எங்கள் ஆர்ம் போட்ட வண்டி என்பதாலேயே மூன்று வருடத்துக்கு முன் இந்தக் காரை வாங்கினேன். பெருமை!

வீடு வந்து சேர்ந்தபோது 1.25. சாப்பிடவில்லை. அந்த வருட டைரியை எடுத்து அந்த நாளைப் பார்த்தேன். பக்கத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது – 'ப.கை.'

பஸ் கையெழுத்து.

இதை விளக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் முதல் ஷிப்ட் மதியம் 2 மணிக்கு முடியும். கம்பெனி பஸ் 2.10-க்குக் கிளம்பும். சோதனை அறையிலிருந்து கேட்டுக்கு ஏழு நிமிட நடை. கடைசி மணி நேரத்துக்கான இரண்டு பீஸ் 2 மணிக்குத்தான் கைக்கு வரும். அவற்றை மெஷினில் மாட்டி, குண்டை இழுத்துப் பார்த்து, ரீடிங் எழுதிவிட்டுக் கிளம்பினால் பஸ் போயிருக்கும். அதனால் 1.40-க்கே தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். கடைசி இரண்டு கட்டத்தில் என்ன எண்? காலையிலிருந்து என்ன வந்ததோ, அதை ஒட்டிய எண். தினமும் இல்லை, வேலை குவிந்த நாட்களில் மட்டும். யாரும் யாரையும் கேட்டதில்லை. அதற்குப் பெயர்கூட எங்களுக்குள் வைத்துவிட்டோம். பெயர் வைத்துவிட்டால் தப்பு வழக்கமாகிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

தொழிற்சாலைத் தாளில் பொய் எழுதிவிட்டு வீட்டு டைரியில் உண்மையை எழுதியிருக்கிறேன். என்ன ஒழுங்கு!

கார் வாங்கிய பிறகு நான் பஸ் பிடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. எனக்குப் பழக்கம் விட்டது. மற்ற ஷிப்ட்காரர்களுக்கு வழக்கம் விடவில்லை.

கையெழுத்துப் பொறுப்பு எனக்கு வந்ததும், கார் வாங்கி பஸ்ஸை விட்டதும் அந்த ஒரே வருடத்தில்தான். அந்த டைரி முழுவதையும் புரட்டினேன். பதினொரு நாட்களில் 'ப.கை.' இருந்தது. பதினொரு நாளில் வெளியே போன ஆர்ம்கள் எத்தனை வண்டியில் ஓடுகின்றன? அவற்றில் எத்தனை என் வண்டியைப் போல டொக் டொக் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன? கேட்கிறவர்கள் யார்?

மேனேஜரிடம் சொன்னால் வேலை போகலாம். போனால் போகட்டும் என்று சொல்லும் வீரன் அல்ல நான். வீட்டுக் கடன் இருக்கிறது. 'கண்ணால் பார்த்தேனே, கவர் ஓரம் விட்டுப்போயிருக்கிறது... ரோட்டில் கல் பட்டிருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ரீத்தா சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

"கழட்டுனது எந்தப் பக்கத்து ஆர்ம்?"

"இடது."

"நான் உக்கார்ற பக்கம்."

தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

3.10-க்கு மேனேஜர் நாகராஜ் சார் அறையில் இருந்தேன். ஒரு கையில் சாக்கில் சுற்றிய ஆர்ம். இன்னொரு கையில் டைரி. அவருக்குத் தாய்மொழி கன்னடம். எங்களோடு தமிழில்தான் பேசுவார், மரியாதைக்கு ஒரு கன்னட 'ரீ' மட்டும் ஒட்டிக்கொள்ளும். கோபம் வந்தால் முழுக் கன்னடம். எல்லாவற்றையும் சொன்னேன். கன்னடத்துக்காகக் காத்திருந்தேன்.

அவர் டைரியை வாங்கிப் பதினொரு பக்கத்தையும் பார்த்தார்.

"இத்தன வருஷமா இத எழுதி வச்சிருக்கீங்களா?"

"ஆமா சார்."

"எழுதி வச்சது நல்லதாப் போச்சுரீ. எழுதாம இருந்தா இன்னிக்கு நான் என்ன பண்ணியிருப்பேன், எந்த நாள்னு தேடியிருப்பேன்?" எழுந்தார். "வாங்க. ஸ்டோருக்குப் போலாம்."

எங்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஷிப்டின் கடைசியில் செய்ததில் இரண்டு பீஸை எடுத்து, தேதி போட்டு, ஐந்து வருடம் ஸ்டோரில் வைத்திருப்போம். பின்னால் புகார் வந்தால் பார்ப்பதற்கு. பதினொரு நாள், இரண்டிரண்டு பீஸ். இருபத்திரண்டு. நான் சோதிக்காமல் விட்ட அதே கடைசி மணி நேரத்தின் பீஸ்கள்!

4.05-க்கு ஆரம்பித்தோம். நான் மெஷினில் மாட்டினேன். அவர் ரீடிங்கைப் படித்தார். நான் எழுதினேன். கிண்ணத்திலிருந்து குண்டைப் பிடித்து இழுக்கும் மெஷின் அது. டிராயிங்கில் சொன்ன பலத்தைத் தாண்டும்வரை குண்டு வெளியே வரக் கூடாது.

முதல் பீஸ். முள் ஏறியது. தாண்டியது. இரண்டாவது. தாண்டியது. ஏழாவது பீஸில் கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது... தாண்டியது. எப்போதும் இரண்டாம் ஷிப்டில் சத்தமாக இருக்கும் அந்த அறையில் அன்று யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. பதினைந்து. பதினாறு. ஒரு நாளின் பெட்டியில் ஒரு பீஸ்தான் இருந்தது. இன்னொன்று பக்கத்துப் பெட்டியில் கிடைத்தது. அந்த நான்கு நிமிடத்தை டைரியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

இருபத்திரண்டாவது பீஸ் முடிந்தபோது 6.30. எல்லாமே சரி. ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தப் பதினொரு நாளின் பீஸ்கள் பற்றி வெளியிலிருந்து புகார் ஏதாவது வந்திருக்கிறதா என்றும் கம்ப்யூட்டரில் பார்த்தார். ஒன்றுமில்லை.

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அப்ப என் வண்டி ஆர்ம் ஏன் சார் போச்சு?"

நாகராஜ் சார் என் வண்டியின் பால் ஜாயிண்டைக் குறுக்கே அறுக்கச் சொன்னார். உள்ளே துரு. கூடவே, குழைத்த மாதிரி செம்மண்.

"செம்மண் எங்கேந்து வந்துது?"

"உத்தனப்பள்ளியில ரீத்தா வீட்டுக்காரங்களுக்குத் தக்காளித் தோட்டம் இருக்கு சார். சனிக்கிழமை போவோம்."

"திரும்பி வந்து?"

"ஞாயித்துக்கிழமை வண்டியக் கழுவுவேன். தண்ணிய வேகமாப் பீச்சி அடிக்கற வாட்டர் கன் வாங்கி வச்சிருக்கேன். கீழ, அடியில எல்லாம்... ஒரு துளி மண் விடமாட்டேன்."

"எவ்ளோ கிட்ட புடிப்பீங்க?"

நான் கையால் காட்டினேன். ஒரு சாண்.

அவர் ரப்பர் கவரின் ஓரத்தை விரலால் தூக்கிக் காட்டினார். ஞாயிறு ஞாயிறாக அந்தத் தண்ணீர் அதன் உதட்டைத் தூக்கியிருக்கிறது. கிரீஸ் வெளியே போனது. மண்ணும் தண்ணீரும் உள்ளே போயின. சக்கரம் திரும்பும்போதெல்லாம் குண்டும் கிண்ணமும் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டன. கெடுத்தது ரோடு இல்லை, தொழிற்சாலை இல்லை, வேகத்தடை இல்லை. என் சுத்தம்.

"இவ்ளோ சுத்தம் வேணாம்ரீ" என்றார். அப்போதுதான் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார் – "மெமோ வரும். வாங்கிக்கணும்."

"வாங்கிக்கறேன் சார்."

மெமோ என்ற சொல் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"பீஸ் நல்லாருந்ததால தப்பு சரியாயிடாது. தெரியுதில்ல? இன்னும் எத்தன பேர் அந்த பஸ்ஸுக்காகக் கையெழுத்துப் போடறாங்க?"

பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பஸ்ஸைப் பற்றி மட்டும் சொன்னேன். ஏழு நிமிட நடை, இரண்டு ரீடிங்குக்கு எட்டு நிமிடம், ஆக பதினைந்து. ஆனால் இருப்பது பத்து. குறைகிற ஐந்து நிமிடத்துக்காகத்தான் இத்தனையும். அவர் ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

போகும் வழியில் வண்டியை அலைன்மென்ட் கடையில் விட்டேன். ஆர்ம் மாற்றினால் சக்கரங்களின் நேர் பார்த்தே ஆக வேண்டும். ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். "எல்லா பீஸும் நல்லாருக்கு" என்று சொன்னேன். ரீத்தா மதியம் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாகப் போட்டு வந்தாள். மூன்று முறை ரசம் வாங்கிக்கொண்டேன். வாட்டர் கன் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தாள். அதில் பத்து நாள் பாக்கியும் சேர்ந்திருந்தது.

மறுநாள் புதன்கிழமை. கார் இல்லாததால் மூன்று வருடத்துக்குப் பிறகு கம்பெனி பஸ். 5.46-க்குத் தொழிற்சாலை வாசலில் இறங்கினேன். உள்ளே போவதற்கு முன், முதல் வேலையாக டிரைவரிடம் போனேன். இரவு ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதற்காக அதே பஸ்தான் நிற்கும்.

"அண்ணே, இன்னிக்கிலருந்து எந்த ஷிப்டா இருந்தாலும் முடிஞ்சு இருபது நிமிஷம் கழிச்சு எடுங்க. மேனேஜர் சொல்லிட்டார்."

"போன் வந்துச்சுங்க சார். இருந்தாலும் நாளைக்கு என்னையக் கேப்பாங்கல்ல? ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

காகிதத்தை வாங்கினேன். காலை 6.20, மதியம் 2.20, இரவு 10.20 என்று எழுதினேன். எழுதியதை முதலிலிருந்து ஒருமுறை படித்தேன். பேனாவை எடுத்தேன். மறுபடியும் ஒருமுறை படித்தேன்.

"ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ நேரமா சார்?" என்றார் டிரைவர்.